பின் பார்வதிக் கணவாய்: குமரி மாவட்டத்திலிருந்து செல்ல விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இமாசலப் பிரதேசத்தின் பின் பார்வதிக் கணவாயைக் கடக்க நாகர்கோவிலில் இருந்து இருமுறை சென்றேன். முதல்முறை பாதியில் திரும்பினேன், மறுமுறை கடந்தேன். அதன்பின் ஊரில் நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கணவாய் எங்கே இருக்கிறது? இதில் என்ன சிறப்பு?

குலு மாவட்டத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கையும் ஸ்பிதிப் பகுதியின் ‘பின்’ என்ற பள்ளத்தாக்கையும் பிரிக்கும் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 5319 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே உருகும் பனி பார்வதி ஆறாகிப் புந்தரில் பியாஸ் ஆற்றோடு சேர்கிறது. கிழக்கே உருகுவது ‘பின்’ என்ற ஆறாகி, ஸ்பிதி ஆற்றின் வழியாகச் சட்லெஜை அடைகிறது. ஸ்பிதிக்கு மாற்றுவழி தேடிய லூயி டேன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1884-இல் இதைக் கடந்ததாகப் பதிவு இருக்கிறது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆனி, ஆடி மாதங்களில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்க, தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் பேருந்து நுழைந்ததும் மழை நின்று காற்று மட்டும் அடிக்கும். பணகுடிப் பக்கம் மண்ணே வேறு நிறமாகிவிடும். பின் பார்வதியிலும் நடப்பது அதுதான். மேற்கே தேவதாரு காடும் புல்வெளியும் ஈரமும். கிழக்கே மரமே இல்லாத, செம்மண்ணும் சாம்பலும் கலந்த வறண்ட மலைகள். ஆரல்வாய்மொழியைப் பேருந்தில் சில நிமிடங்களில் கடக்கிறோம். அங்கே அந்த மாற்றத்தைக் காண ஒரு வாரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

குறியில்லாத வழி என்று ஏன் சொல்கிறீர்கள்? இத்தனை பேர் போகும் இடத்தில் பாதை இல்லாமல் இருக்குமா?

தொடக்கத்தில் பாதை இருக்கிறது. சாலை முடியும் பர்ஷெய்னியிலிருந்து கீர்கங்கா வரை, வெந்நீர் ஊற்றில் குளிக்கச் செல்பவர்களால் நன்றாகத் தேய்ந்த பாதை. அதற்கு மேல் துண்டா புஜ், டாக்கூர் குவான், ஓடி தாச் என மேய்ச்சல் வெளிகளின் ஊடே ஒற்றையடித் தடம் போகும். அங்கே ‘தாச்’ என்றால் மேய்ச்சல் வெளி. பாண்டு புல் (அங்கே ‘புல்’ என்றால் பாலம்) என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே கிடக்கும் பெரும் பாறைகளே பாலம். பாண்டவர்கள் போட்டது என்பார்கள். சுமார் 4100 மீட்டர் உயரத்தில் உள்ள மந்தலாய் ஏரி வரை இந்தத் தடத்தை நம்பலாம்.

ஏரிக்கு மேலேதான் தடம் இல்லாமல் போகிறது. பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பு, தள்ளிக்கொண்டு வந்து குவித்த கற்களின் மேல் நடக்கிறோம். கல்லில் கால்தடம் பதியாது, பனியில் பதிந்த தடமும் அடுத்த பனிப்பொழிவில் மறைந்துவிடும். அம்புக்குறியோ பெயிண்ட் அடையாளமோ கிடையாது. வழிகாட்டும் அடையாளமாக ஆங்காங்கே தென்படும் கல்லடுக்குகளையும் கண்மூடிப் பின்பற்றக் கூடாது. முதல் பயணத்தில், மேகம் இறங்கியிருந்த ஒரு முற்பகலில், நாங்கள் கல்லடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்துப் பெருமையோடு நடந்தோம். நான்கு மணி நேரம் கழித்து அவை எங்களை ஒரு மேய்ப்பருடைய கூரையில்லாத கல்கொட்டிலின் வாசலில் கொண்டு நிறுத்தின. அவர் தம் ஆடுகளுக்காக அடுக்கியவை அவை. அவர் மேல் குற்றமில்லை.

எந்த மாதத்தில் செல்ல வேண்டும்?

ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. தொடக்கத்தில் போனால் பனி அதிகமாக இருக்கும், பனிப்பிளவுகள் (பனியாற்றில் உள்ள ஆழமான வெடிப்புகள்) மூடிக்கிடக்கும். நடுவில் போனால் பார்வதிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கடைசியில் போனால் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் பிளவுகள் வாய் திறந்திருக்கும், திடீர்ப் பனிப்பொழிவுக்கும் வாய்ப்பு உண்டு. நான் செப்டம்பர் முதல் வாரத்தையே தேர்ந்தெடுப்பேன். கண்ணுக்குத் தெரியும் பிளவு, மெல்லிய பனி மூடி மறைந்திருக்கும் பிளவைவிட மேல்.

மொத்தம் எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும்?

பலரும் இதைச் சாதாரணக் கணக்கு என்று நினைத்துக் கேட்கிறார்கள். பயணத்தின் பாதுகாப்பே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஏறத்தாழ இரண்டு நாள். அங்கிருந்து புந்தருக்கு ஓர் இரவுப் பேருந்து. புந்தரிலிருந்து மணிகரண் வழியாகப் பர்ஷெய்னிக்கு அரை நாள். இணைப்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது என்பதால் போக நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை சுமார் 110 கிலோமீட்டர், பத்து நாள். திரும்ப நான்கு அல்லது ஐந்து நாள். இவற்றோடு எதற்கும் ஒதுக்கப்படாத மூன்று நாள் கட்டாயம் வேண்டும். ஆக மூன்று வாரம்.

மணாலிக்காரர் ஒருவருக்குக் கணவாய் இந்த வாரம் வாய்க்காவிட்டால் அடுத்த வாரம் இருக்கிறது. நமக்கோ இரண்டு நாள் ரயில், அரும்பாடுபட்டு வாங்கிய விடுப்பு, வீட்டில் சொன்ன சமாதானம் எல்லாம் சேர்ந்து, திரும்பி வருவதை ஏதோ நட்டக்கணக்கைப் போல ஆக்கிவிடுகின்றன. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக, மேகம் கவிந்த பின்னும் மேலேறத் துணிவோம். அந்த மூன்று உபரி நாள்கள் இருந்தால், கூடாரத்தில் ஒரு நாள் சும்மா படுத்துக்கிடக்க மனம் ஒப்பும்.

முதல் இமயப் பயணமாக இதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மணாலிப் பக்கத்திலிருந்து லாகூலின் சத்ரூவுக்கு இறங்கும் ஹம்ப்தா கணவாய் சுமார் 4270 மீட்டர்; நான்கைந்து நாள் நடை. பச்சையிலிருந்து வறட்சிக்குக் கடக்கும் அதே அனுபவம் அங்கும் உண்டு. உங்கள் உடல் உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அங்கே தெரிந்துகொண்டு, அடுத்த ஆண்டு பின் பார்வதிக்குப் போங்கள்.

நம் மாவட்டத்தில் எங்கே பயிற்சி செய்யலாம்? கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் நடந்து பழகலாமா?

அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. நம் மலைக்காடுகளின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. யானைகள் நடமாடும் இடம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததற்குப் பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய திட்டத்தில் உள்ள 40 பாதைகளில் காளிகேசமும் ஒன்று. பதிவு செய்து, வனத்துறையின் வழிகாட்டியோடு செல்லலாம்.

அன்றாடப் பயிற்சிக்கு மருந்துவாழ்மலையே போதும். இமயத்திலிருந்து அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த மலையில் ஏறிப் பழகி இமயத்துக்குப் போவது பொருத்தம்தானே. பொற்றையடியிலிருந்து வாரம் மூன்று நாள், விடிவதற்கு முன்பே, முதுகில் பத்து கிலோ அரிசியோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதில்தான் கவனம் வேண்டும். முழங்கால் பழுதாவது பெரும்பாலும் இறக்கத்தில். வாங்கிய புதுக் காலணியையும் அங்கேயே போட்டுப் பழக்குங்கள். பர்ஷெய்னியில் முதன்முதலாகக் காலணியைப் போட்ட ஒருவரின் குதிகால் கீர்கங்காவிலேயே பாளம் பாளமாக உரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா? நன்றாக நீந்துகிறவர்களுக்கு மூச்சு வலுவாக இருக்கும் அல்லவா?

குளச்சலிலும் முட்டத்திலும் அலைக்கு எதிராக நீந்தும் இளைஞர்களின் மூச்சு வலுவை நான் மறுக்கவில்லை. ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கும் உடல் வலுவுக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால் வலுவானவர்தான் முதலில் படுக்கிறார். ஏனென்றால் அவரால் வேகமாக ஏற முடிகிறது. கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. உடல் இதற்குப் பழக நாள்கள் வேண்டும். 3000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறி, தூங்கக் கீழே இறங்குவதில் தவறில்லை.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். அப்போது அங்கேயே தங்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலில் இளஞ்சிவப்பு நுரை வருவதும் நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறி. பேச்சுக் குழறுவதும் தள்ளாடுவதும் மூளை வீக்கத்தின் அறிகுறி. சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்முனையில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவிலேயே ஆளைக் கீழே இறக்குங்கள். உடன் செல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். நோயுற்றவர் தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

கற்பூரம் முகர்ந்தால் போதும் என்கிறார்களே?

கயிலை யாத்திரை போனவர்கள் சொல்லிப் பரவிய வழக்கம் அது. கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியை உண்டாக்குகிறது. அதனால் மூச்சு எளிதாக ஓடுவதுபோலத் தோன்றும். இரத்தத்தில் ஆக்சிஜனை அது கூட்டாது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்காகப் பொதுவாக 125 மில்லிகிராம் இருவேளை கொடுப்பார்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அஞ்ச வேண்டாம்.

செல்போனில் ஜிபிஎஸ் இருக்கும்போது வழி தவறுமா?

டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் உங்களுக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இருக்கும் பிளவை அது காட்டாது. முன்பு யாரோ நடந்து பதிந்த தடத்தை இறக்கிக்கொண்டு போகிறவர்கள், அந்த ஆண்டு பனியாறு இருந்த நிலைக்கான வழியைத்தான் இறக்குகிறார்கள். குளிரில் மின்கலம் விரைவில் தீரும். இரவில் போனையும் பவர் பேங்கையும் தூங்கும் பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியும் காகித வரைபடமும் கூடவே இருக்கட்டும். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சுசீந்திரம் வயல்வெளியிலேயே பழகிக்கொள்ளலாம்: மருந்துவாழ்மலையின் உச்சியையும் தாணுமாலயன் கோயில் கோபுரத்தையும் நோக்கித் திசை எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டு, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் செயற்கைக்கோள் தொலைபேசியையோ செய்திக் கருவியையோ எடுத்துச் செல்லாதீர்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதற்குப் பதிலாக, எந்த நாளுக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஓடைகளையும் பனியாற்றையும் எப்படிக் கடப்பது?

பனி உருகி வரும் ஓடைக்கு நேரம் உண்டு. வெயில் ஏற ஏற நீர் பெருகும், பிற்பகலில் இடுப்பளவு, இரவில் மேலே உறைவதால் விடியற்காலையில் முழங்காலளவு. பின் பள்ளத்தாக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரையை மாலை நான்கு மணிக்கு அடைந்தபோது எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, நீரின் விளிம்பில் வைத்தார். கூடாரம் போட்டோம். காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது அந்தக் கல் நீரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, மேலே மெல்லிய பனிப்படலத்தோடு கிடந்தது. பிறகுதான், “இப்போது இறங்கலாம்” என்றார். இறங்கும்போது முதுகுப்பையின் இடுப்புவாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்குள் அமுக்காமல் இருக்கும். வெறுங்காலோடு இறங்க வேண்டாம். மரத்துப்போன கால் கல்லை அறியாது.

பனியாற்றில் ஒருவரோடொருவர் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் பனிக்கோடரியால் குத்திப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். இரவு மூன்று, நான்கு மணிக்கே புறப்பட்டு, பனி கெட்டியாக இருக்கும்போதே உச்சியை எட்டிவிடுவது நல்லது. வெயிலில் இளகினால் ஒவ்வோர் அடிக்கும் தொடைவரை புதையும். பிளவுகளை மூடிய பனிப்பாலங்களும் வலுவிழக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைச் சுட்டுவிடும்.

வழிகாட்டி தேவையா? யாரை நம்புவது?

தேவை. இந்தப் பாதையில் தனியாகப் போவது துணிச்சல் ஆகாது. பார்வதிப் பள்ளத்தாக்கில் 1990-களிலிருந்து தனியாகச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் பலர் காணாமல் போயிருக்கிறார்கள். முதல் பயணத்தில் நாங்கள் பணம் கட்டிய நிறுவனம் கயிறும் ஆக்சிஜன் உருளையும் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. பர்ஷெய்னியில் மூட்டையைப் பிரித்தால், எட்டுப் பேருக்கு நூல் பிரிந்த ஒரே கயிறு. உருளையின் முள் சுழியத்தில் நின்றது. அதற்குள் மீதிப் பணத்தையும் கட்டியிருந்தோம். ஆகவே, கருவிகளைக் கண்ணால் பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். வழிகாட்டியிடம், கடைசியாக எந்த ஆண்டு இந்தக் கணவாயைக் கடந்தார் என்றும், எத்தனை முறை திரும்பி வந்தார் என்றும் கேளுங்கள். ஒருமுறைகூடத் திரும்பியதில்லை என்பவரை நான் அமர்த்த மாட்டேன். கீர்கங்கா, பின் பள்ளத்தாக்கு ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களின் வழியே போவதால் வனத்துறை அனுமதியையும் காவல் நிலையப் பதிவையும் அவர் செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

உணவுக்கு ஊரிலிருந்து எதை எடுத்துச் செல்லலாம்?

மந்தலாய் ஏரிக்கரையில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர்ச் சம்பா அரிசி அதில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் பல்லில் நெறுநெறுக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அவல் எடுத்துச் செல்லுங்கள். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுச் சுடுநீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் உணவு. நேந்திரங்காய் சிப்ஸ் எடைக்கு எடை நல்ல ஆற்றல் தரும், பாதி நொறுங்கிப்போனாலும் சுவை மாறாது. எங்களோடு வந்த குலுக்காரப் போர்ட்டர்கள் கடைசித் தூளைக்கூட உள்ளங்கையில் கொட்டித் தின்றார்கள். சுக்கும் மல்லியும் இடித்த பொடி கூடவே இருக்கட்டும். உயரத்தில் பசி எடுக்காது. எனவே பழகிய சுவையாக இருந்தால்தான் உள்ளே போகும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, மணாலியில் வாங்கிக்கொள்ளலாம்.

குளிருக்கு என்ன உடை?

பருத்தி வேண்டாம்; நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, நடுவே சூடு தாங்கும் அடுக்கு, வெளியே காற்றும் மழையும் புகாத மேலுடை. தூங்கும்போது மட்டும் போட ஓர் உலர்ந்த சோடி உடை, பிளாஸ்டிக் உறையில் கட்டி, எதற்காகவும் பிரிக்காமல் வைத்திருங்கள்.

எந்தக் கட்டத்தில் திரும்ப வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

ஊரிலிருக்கும்போதே முடிவு செய்து, எழுதி, எல்லோரும் ஒப்பமிட வேண்டும். எங்கள் இரண்டாவது பயணத்தின் தாளில் மூன்றே வரிகள் இருந்தன: முற்பகல் பத்து மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவது, முன்னால் போகிறவர் நூறு அடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் திரும்புவது, எவர் ஒருவருக்காவது தலைவலி மாத்திரைக்கும் அடங்காவிட்டால் எல்லோரும் திரும்புவது. உயரத்தில் மூளை மந்தப்படுகிறது. அங்கே விவாதித்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் மேலே ஏறும் முடிவாகத்தான் இருக்கும். முதல்முறை அப்படி ஒரு தாள் இல்லை. கல்கொட்டிலிலிருந்து திரும்பிய பின்பும் மறுநாள் மேகத்துக்குள் மீண்டும் ஏறத்தான் நாங்கள் நினைத்தோம். டெல்லியிலிருந்து ரயில் ஆறாம் நாள் என்பது மட்டுமே எங்கள் வாதமாக இருந்தது. வழிகாட்டி தம் பையை எடுத்துக்கொண்டு கீழே நடக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தோம். அன்று பிற்பகல் தொடங்கிய பனிப்பொழிவு இரண்டு நாள் நீடித்தது.

கணவாயைக் கடந்த பிறகு ஊர் திரும்புவது எப்படி?

மறுபக்கம் இறங்கினால் முதல் கிராமம் முத். சுமார் 3800 மீட்டர் உயரத்தில், பட்டாணி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் பேருந்து உண்டு, அதிகம் கிடையாது. காசாவிலிருந்து குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு வரலாம். அந்தச் சாலை மண்சரிவாலும் ஓடை வெள்ளத்தாலும் அடிக்கடி அடைபடும். கின்னோர் வழியாகச் சிம்லாவுக்கு இறங்குவது நீண்ட வழி, ஆனால் கூடுதல் நம்பிக்கைக்குரியது. டெல்லியிலிருந்து ஊருக்கான டிக்கெட்டை முன்கூட்டி எடுக்காதீர்கள். காசாவை அடைந்து, சாலை திறந்திருக்கிறதா என்று பேருந்து நிலையத்தில் விசாரித்த பிறகு, தட்கலில் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் டெல்லியில் இரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.